ஹாலிஹாக் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவோம்

லண்டனின் வடமேற்கு ஓரத்தில், நன்றாக வெயில் விழும் மரவேலியை ஒட்டி ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு பூம்பாத்தி வைத்திருக்கிறேன். மண் அசல் களிமண். குளிர்காலத்தில் பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். ஆகஸ்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பன்னிரண்டு வருடமாக அந்தப் பாத்தியில், ஆளுயரத்தைத் தாண்டும் ஒற்றைத் தண்டில் வரிசையாகப் பூக்கும் ஹாலிஹாக் என்ற பூச்செடியும் அதன் சொந்தக்காரச் செடிகளும்தான். எத்தனை செடி செத்தது என்று கணக்கு வைக்காதது நல்லதாகப் போயிற்று. ஆனால் அத்தனையும் செத்ததில் ஒன்று பிடிபட்டது. இந்தச் செடிகளுக்கு வரும் தொல்லை இலையிலும் பூவிலும் தெரியும். காரணம் முக்கால்வாசி நேரம் தரைமட்டத்தில், தண்டும் வேரும் சேரும் அந்த நாலு விரற்கடை இடத்தில் இருக்கும். மீதிக் கால்வாசி, செடியின் வயதில் இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி இருக்கிறார். முதல் வருடம் பூத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இதென்ன தம்பி, எங்கட துத்தி வெள்ளைக்காரன்ர ஊரில வந்து இவ்வளவு உசரமா நிக்குது?" என்றார். சரியாகத்தான் சொன்னார். துத்தி, செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு, ஹாலிஹாக் எல்லாம் ஒரே குடும்பம். பூவின் நடுவே மகரந்தத் தூள் ஒட்டிய அந்த ஒற்றைத் தூணைப் பாருங்கள், செம்பருத்தியில் இருப்பதேதான். காயைப் பிரித்தால் துத்திக்காய் போலவே விதைகள் வட்டமாக, சில்லறைக் காசை அடுக்கியது போல நிற்கும். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு இடத்தில் உதவும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். செடிக்கு என்ன வயது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது? அடித்தண்டைச் சுற்றி மண் எப்படி இருக்கிறது, தொட்டால் சேறா, உதிரியா? ஆறு மணி நேரத்துக்குக் குறைவான வெயில் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் செடியை மாற்றுங்கள்.

இலை மட்டும் தட்டுத் தட்டாக வருகிறது, பூ இல்லை

விதைத்த முதல் வருடமா? அப்படியானால் எந்தக் கோளாறும் இல்லை. சாதாரண ஹாலிஹாக் முதல் கோடையில் தரையோடு தரையாக இலைக்கொத்து மட்டும் விடும். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் பூத்தண்டை மேலே அனுப்பும். குளிர் பட்டால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். வாங்கி நட்ட செடி பூக்கவில்லை என்று ஆகஸ்டில் கோபித்துக்கொண்டு பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் முதல் ஆள் நான்தான்.

இங்கே சரியான கணக்கு இது. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ ஒன்பது சென்டிமீட்டர் சட்டிகளில் விதை போடுங்கள். விதைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் மண் போதும். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். செப்டம்பரில், மண்ணில் இன்னும் சூடு இருக்கும்போதே, பாத்தியில் நட்டுவிடுங்கள். அக்டோபர் நடுப்பகுதியைத் தாண்ட விடாதீர்கள். குளிர் இறுகுவதற்குள் வேர் கீழே இறங்கியிருக்க வேண்டும். அடுத்த ஜூன் கடைசியில் பூ.

அவசரமாக அதே வருடம் பூ வேண்டும் என்பவர்களுக்கு 'சம்மர் கார்னிவல்', 'மஜோரெட்' போன்ற ரகங்கள் இருக்கின்றன. பிப்ரவரியில் வீட்டுக்குள் விதைத்தால் அந்தக் கோடையிலேயே பூக்கும். மஜோரெட் இடுப்பளவுகூட வளராது. வேலிக்கு மேல் தலை நீட்டாத ஹாலிஹாக்கை ஹாலிஹாக் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் காற்று அடிக்கும் இடத்துக்குப் பரவாயில்லை.

இரண்டாம் வருடமும் பூ இல்லை என்றால் இரண்டு காரணம்தான்: வெயில் போதவில்லை, அல்லது நீங்கள் ஊட்டிக் கெடுத்திருக்கிறீர்கள். தழைச்சத்து அதிகமான புல்தரை உரம் வேர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தால் இலை யானைக்காது மாதிரி வரும், தண்டு எழும்பாது. உரத்தை நிறுத்துங்கள். வசந்தத்தில் ஒரு கை தக்காளி உரம் போதும்.

ஊரிலிருந்து சிலர் கேட்பதுண்டு, சென்னையில் வருமா என்று. டெல்லிப் பக்கம் இதை இலையுதிர்காலத்தில் விதைத்துக் குளிர்காலத்தில் வளர்த்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூக்க வைக்கிறார்கள். அங்கே அந்தக் குளிர் இருக்கிறது. சென்னையில் அது கிடையாது. சென்னைக்குச் செம்பருத்தி போதாதா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொட்டு, மேலே மஞ்சள் புள்ளி

துரு நோய். ஹாலிஹாக் வளர்ப்பவர் எவரும் இதிலிருந்து தப்ப முடியாது, ஆகவே பதறவும் வேண்டாம்.

அடையாளம் எளிது. ஏப்ரலிலோ மே மாதத்திலோ அடியிலைகளில், மேற்பக்கம் ஊசிமுனை அளவுக்கு மஞ்சள் புள்ளி, நடுவில் லேசாகச் சிவப்பு. இலையைத் திருப்பினால் அதே இடத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளம், கடுகுக்கும் கேழ்வரகுக்கும் நடுவே ஒரு அளவு. விரலால் தடவினால் சொரசொரக்கும். நாளாக ஆகப் பழுப்பாகும், பிறகு சாம்பல் பூத்தது போலாகும். அந்தச் சாம்பல் கட்டத்தில்தான் கொப்புளத்தில் இருக்கும் பூஞ்சை வித்து (ஸ்போர்) முளைத்து, காற்றில் போகும் அடுத்த வித்துகளை விடுகிறது. இலை வாடி, காய்ந்து, தண்டிலேயே கிழிந்த கந்தலாகத் தொங்கும். ஜூலைக்குள் செடியின் கீழ்ப்பாதி மொட்டையாகிவிடும். மேலே பூ மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஜோராக இருக்கும்.

இந்தப் பூஞ்சை சிலி நாட்டிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த மாதிரியை வைத்து 1852-இல்தான் முதலில் பதிவு செய்தார்கள். 1873-இல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஹாலிஹாக் இங்கே கண்காட்சிப் பூ. எஸ்ஸெக்ஸில் சாஃப்ரன் வால்டன் என்ற சிறு நகரத்தில் வில்லியம் சாட்டர் என்ற நாற்றங்கால்காரர் அடுக்குப் பூ ரகங்களை உருவாக்கிப் பெயர் வாங்கினார். துரு வந்த வேகத்தில் அந்த மோகம் சரிந்தது. கண்காட்சி மேடையை விட்டுக் குடிசை வீட்டுச் சுவரோரத்துக்கு ஹாலிஹாக் இறங்கியதில் இந்த ஆரஞ்சுப் பொட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 'சாட்டர்ஸ் டபுள்' என்று இன்றும் கடையில் தொங்கும் விதைப் பொட்டலத்தில் இருப்பது அவர் பெயர்தான்.

கோதுமையின் தண்டுத் துரு முழுச் சுற்று முடிக்கப் பார்பெரி என்ற வேறொரு செடிக்குப் போய்வர வேண்டும். ஹாலிஹாக் துருவுக்கு அந்த அலைச்சல் இல்லை. இந்தச் செடியிலேயே பிறந்து, இதிலேயே பெருகி, உதிர்ந்த இலையிலும் அடித்தண்டின் மொட்டிலும் பனிக்காலத்தைக் கழித்துவிடும். அதனால் துருவைத் தள்ளிப்போடும் வேலை நவம்பரில் தொடங்குகிறது, மே மாதத்தில் இல்லை. என் முறையைச் சொல்கிறேன்.

பூ முடிந்ததும் தண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுகிறேன். நவம்பரில் முட்டி போட்டு உட்கார்ந்து, அடியில் கிடக்கும் ஒவ்வொரு இலையையும் பொறுக்குகிறேன். சலிப்பான வேலை, ஆனால் மருந்தைவிட இதில்தான் பலன் அதிகம் கண்டேன். பொறுக்கியது எதையும் வீட்டுக் கம்போஸ்ட் குவியலில் போடுவதில்லை. நம் குவியல் வித்தைக் கொல்லும் அளவுக்குச் சூடேறாது. கவுன்சில் எடுத்துக்கொண்டு போகும் தோட்டக் கழிவுத் தொட்டிக்குத்தான் போகும்.

மார்ச்சில் புது இலை வரும்போது வாரம் ஒரு முறை இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். பொட்டு தெரிந்த இலையை அன்றே காம்போடு கிள்ளிவிடுகிறேன், இலை உலர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து. பாதி இலை போய்விடுமே என்று கை நடுங்கும். போகட்டும். தண்டு எழும்பிய பிறகு தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை இலையே இல்லாமல் செய்துவிடலாம். காற்று புகுந்து போகும், மழையில் தெறிக்கும் மண் இலையில் படாது. மொட்டைக் கால் அசிங்கமாகத் தெரிகிறது என்றால் முன்னால் கேட்மிண்ட் மாதிரி ஏதாவது குட்டையாக நட்டு மறையுங்கள். ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் அறுபது சென்டிமீட்டர் இடைவெளி குறையக் கூடாது. தண்ணீர் அடியில் மட்டும், காலையில். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் துருவுக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று, வேலிக்கு வெளியே ஒரு பார்வை. இங்கே தெருவோரத்தில் ஊதாக் கோடு போட்ட பூவுடன் ஒரு காட்டுத் துத்தி வளரும். மேலோ என்பார்கள். அதன் இலையைத் திருப்பினால் அதே ஆரஞ்சுப் பொட்டு. உங்கள் பாத்திக்கு அருகில் அது இருந்தால் நீங்கள் பொறுக்கிய இலையெல்லாம் பாதி வீண். அலங்காரச் செடிக்கான துரு மருந்து கடையில் கிடைக்கும். லேபிளில் சொன்ன அளவில், பொட்டு வரும் முன்பே அடித்தால் ஓரளவு தடுக்கும். பொட்டு வந்த இலையை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. நான் மருந்து அடிப்பதை விட்டு நாளாயிற்று. தேனீ மொய்க்கும் பூவில் எதையும் அடிக்க மனம் ஒப்பவில்லை.

அப்புறம், மூன்று வருடம் தாண்டிய கிழச் செடியைத் துருவோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றாதீர்கள். ஹாலிஹாக் பலவருடச் செடி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நிஜத்தில் இரண்டாம் வருடம் அதன் கல்யாண வயது, நாலாம் வருடம் அது தாத்தா. கிழவர் பாத்திக்கே நோயைப் பரப்பிக்கொண்டிருப்பார். பிடுங்கிவிட்டு இளசை வையுங்கள்.

துருவே வேண்டாம் என்பவர்களுக்குச் சொந்தக்காரர்களில் ஆள் உண்டு. அத்தி இலை போல விரலாகப் பிரிந்த இலையுள்ள அல்சியா ஃபிசிஃபோலியா, வெளிர் மஞ்சள் பூ விடும் அல்சியா ருகோசா, இரண்டும் துருவைக் கொஞ்சம் தாங்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஹாலிஹாக்கையும் அல்தேயா என்ற இன்னொரு சொந்தக்காரச் செடியையும் கலந்து உண்டாக்கிய ரகங்களில் 'பார்க்அல்லே' பாருங்கள். பாலேட்டு நிறத்தில் அரை அடுக்குப் பூ, நடுவே ஊதா மகரந்தம். விதை பிடிக்காததால் சக்தியை அங்கே செலவழிக்காமல் வருடக்கணக்கில் நின்று பூக்கும். விதை இல்லாததால் பதியன் குச்சிதான் வழி, அதனால் விலையும் கூடுதல்.

தண்டு சாய்கிறது, ஒடிகிறது

என் வேலி 1.8 மீட்டர். ஹாலிஹாக் இரண்டு, இரண்டரை மீட்டர் போகும். கணக்குப் போட்டால் தெரியும்: தண்டின் கீழே உள்ளதெல்லாம் வேலியின் நிழல்காற்றில் சொகுசாக இருக்க, பூ நிறைந்த மேல் அரை மீட்டர் மட்டும் காற்றின் வாயில் நிற்கிறது. மழை பெய்து பூ நனைந்தால் பாரம் வேறு. ஒரு ஆகஸ்ட் இடிமழை இரவுக்குப் பிறகு நாலு தண்டு வேலி விளிம்பிலேயே மடங்கிக் கிடந்ததைப் பார்த்துத்தான் இது எனக்கு உறைத்தது.

முட்டுக் கொடுக்கும் காலம் தண்டு முழங்காலைத் தாண்டும்போது. சாய்ந்த பிறகு நிமிர்த்தினால் நுனி ஏற்கெனவே வானத்தை நோக்கி வளைந்திருக்கும், கட்டினாலும் பாம்பு போலத்தான் நிற்கும். இரண்டரை மீட்டர் மூங்கில், அதில் அரை மீட்டர் மண்ணுக்குள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள், இல்லாவிட்டால் ஆணிவேரைத் துளைத்துவிடுவீர்கள். சணல் கயிற்றைக் குச்சியில் இறுக்கிக் கட்டி, ஒரு முறுக்கு விட்டு, தண்டைச் சுற்றி ஒரு விரல் நுழையும் தளர்வோடு முடியுங்கள். அந்த முறுக்குதான் முக்கியம். குச்சியும் தண்டும் உரசாது. மேல் கட்டு வேலி உயரத்துக்குச் சற்று மேலே வர வேண்டும்.

முட்டே இல்லாமல் நேராக நிற்கும் ஹாலிஹாக்கும் உண்டு. அவை ஏழை மண்ணில் வளர்ந்தவை. கொழுத்த மண்ணில் தண்டு தடித்து, தண்ணீர் கோத்துக்கொண்டு, முருங்கைக் கிளை போல முறியும்.

வசந்தத்தில் பார்த்தால் செடியையே காணோம்

இதுதான் களிமண்காரர்களின் பெரிய துக்கம். அக்டோபரில் வாட்டசாட்டமாக இருந்த இலைக்கொத்து, மார்ச்சில் ஒரு பழுப்புக் குழி. பனியில் செத்துவிட்டது என்பார்கள். இல்லை. ஹாலிஹாக் கடும் பனி தாங்கும். கனடாவிலும் ரஷ்யாவிலும் வளர்கிறது. தெற்கு இங்கிலாந்தின் பனி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கொல்வது குளிர்ந்த ஈரம்.

நிச்சயப்படுத்திக்கொள்ள, செத்த செடியின் ஆணிவேரைத் தோண்டி எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். இங்கேதான் வெண்டைக்காய் உறவு நினைவுக்கு வர வேண்டும். இந்தக் குடும்பத்தின் நல்ல வேரும் வெட்டினால் வழவழப்பாகத்தான் இருக்கும், வெண்டைக்காய் நறுக்கிய கத்தி போலக் கத்தியில் இழை ஒட்டும். அந்த வழவழப்பைப் பார்த்து அழுகிவிட்டது என்று ஒரு முறை நல்ல வேர் ஒன்றைத் தூக்கி எறிந்திருக்கிறேன். வழவழப்பைப் பார்க்காதீர்கள், நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கடிக்கிற முள்ளங்கி போல இறுக்கமாக, பச்சை வாசனையோடு இருந்தால் வேர் உயிரோடு இருக்கிறது. மறுபடி நட்டுக் காத்திருங்கள். பழுப்பாக, அழுத்தினால் மாவாக, சாக்கடை நாற்றத்தோடு இருந்தால் முடிந்தது கதை. அழுகல் மேலிருந்து கீழே இறங்கியிருந்தால் தலைப்பக்கம் நீர் தேங்கியிருக்கிறது. வேர் நுனியிலிருந்து மேலே ஏறியிருந்தால் அடிமண்ணே குளமாக இருக்கிறது.

நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். களிமண் மோசம் என்று ஆழமாக ஒரு குழி தோண்டி, அதை நல்ல கம்போஸ்ட்டால் நிரப்பி, அதில் செடியை நட்டேன். பார்க்க ராஜ உபசாரம். ஆனால் சுற்றிலும் களிமண் சுவர், அடியில் களிமண் தரை, நடுவில் பஞ்சு போன்ற கம்போஸ்ட். பாத்தி முழுவதும் விழுந்த மழை அந்தக் குழியைத் தேடி வந்து நின்றது. செடியைத் தொட்டியில் மூழ்கடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே குளிர்காலத்தில், முன்வாசலில் சுவருக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே இருக்கும் அரை அங்குல இடுக்கில், யாரும் விதைக்காத ஒரு ஹாலிஹாக் முளைத்திருந்தது. உரம் இல்லை, கம்போஸ்ட் இல்லை. கல்லுக்கு அடியில் இடிபாட்டுச் சல்லியும் மணலும். அடுத்த ஜூலையில் அது ஜன்னலின் மேல் விளிம்பைத் தொட்டது. பாத்தியில் நட்ட ஆறில் உயிரோடு இருந்தது ஒன்று. அதுவும் வேலிக்கு மிக அருகில், மழை நேராக விழாத இடத்தில் நட்டது.

அந்த இடுக்கில் கிடைத்ததைப் பாத்தியில் கொடுப்பது எப்படி? குழி தோண்டாதீர்கள், மேடு போடுங்கள். பாத்தி முழுவதும் ஆறு மில்லிமீட்டர் சல்லியைக் கொட்டி மேல்மண்ணோடு கிளறுங்கள். ஒரு கைப்பிடி மணல் போட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள், களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் செங்கல்தான் கிடைக்கும். கிளறிய மண்ணைச் செடி நிற்கும் இடத்தில் பதினைந்து சென்டிமீட்டர் மேடாகக் கூட்டி, அதன் உச்சியில் நடுங்கள். அடித்தண்டு மண்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே தெரிய வேண்டும். அதைச் சுற்றி சல்லி மட்டும். இலைமக்கு மூடாக்கு போடுவதாக இருந்தால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். வேலிக்கும் செடிக்கும் நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் போதும். வேலியடியில் மண் காய்ந்திருக்கிறதே என்று கோடையில் மட்டும் கவலைப்படுங்கள். குளிர்காலத்தில் அந்த வறட்சிதான் வரம்.

மேடு போட இடமும் இல்லை, மண் எப்போதும் ஈரம் என்றால் ஹாலிஹாக்கோடு சண்டை போடாமல் அல்தேயா அஃபிசினாலிஸ் நடுங்கள். இது கடலோரச் சதுப்பில் வளரும் செடி, ஈரம் அதற்குப் பழக்கம். நம் மருந்து நூல்களில் சீமைத்துத்தி என்று வருவது இதுதான். மார்ஷ்மெல்லோ மிட்டாய் முதலில் இதன் வேரிலிருந்துதான் செய்யப்பட்டது, இன்று விற்பதில் பெயர் மட்டும் மிச்சம். பூ சின்னது, வெளிர் ரோஜா நிறம். ஹாலிஹாக்கின் ஆர்ப்பாட்டம் இருக்காது, ஆனால் வெல்வெட் போன்ற சாம்பல் இலையைத் தடவிப் பார்க்கவே ஒரு செடி வைக்கலாம்.

நன்றாக இருந்த செடி திடீரென்று வாடுகிறது

நடுப்பகலில் இலை தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. அவ்வளவு பெரிய இலைகளுக்கு ஜூலை வெயிலில் வேர் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவே. மறுநாள் காலையிலும் தொங்கினால் விரலை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் ஒரு வாளி தண்ணீர் மெதுவாக. ஈரமாக இருந்தும் வாடினால் மேலே சொன்ன வேர் அழுகல், தண்ணீர் ஊற்றி அதன் சாவைச் சீக்கிரமாக்காதீர்கள்.

இடம் மாற்றி நட்ட செடி வாடுவது வேறு. ஆணிவேர் அறுந்திருக்கும். ஒரு வயதுக்கு மேற்பட்ட ஹாலிஹாக்கை இடம் மாற்றாதீர்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இலையில் ஓட்டை, மொட்டில் ஓட்டை

ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள். ஓரம் கிழிந்து, பக்கத்தில் வெள்ளிக்கோடு போல உலர்ந்த சளி இருந்தால் நத்தை, இல்லையென்றால் ஓடில்லாத நத்தை. வசந்தத்தில் இளம் இலைக்கொத்தை ஒரே இரவில் ஈர்க்காக்கிவிடும். இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போனால் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். தண்டு எழும்பிய பிறகு அவற்றால் பெரிய கெடுதல் இல்லை.

குண்டூசியால் குத்தியது போல வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், கையை நீட்டினால் ஏதோ துள்ளி மறைகிறது என்றால் துள்ளு வண்டு. முன்பக்கம் செம்பழுப்பு, முதுகு கருநீலம், மூன்று நான்கு மில்லிமீட்டர். இந்தக் குடும்பச் செடிகளை மட்டுமே தேடி வருவது. நாற்றுக்குத்தான் ஆபத்து. வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும்.

மொட்டில் துளை இருந்து, இலையிலும் சின்ன ஓட்டைகள் இருந்தால் மொட்டை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுக் காலோடு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் மூக்கு வைத்த ஒரு கூன்வண்டு உட்கார்ந்திருக்கும். பெண்ணுக்கு மூக்கு இன்னும் நீளம். ஜோடி ஜோடியாக இருக்கும், வெட்கமே கிடையாது. பெண் வண்டு மொட்டைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளே விதையைத் தின்று அங்கேயே கூட்டுப்புழுவாகி, காய் முற்றும்போது வண்டாக வெளியே வரும். பூவுக்குப் பெரிய சேதம் இல்லாவிட்டாலும் விதை சேகரிப்பவருக்கு நாசம். தண்டைத் தட்டினால் செத்தது போலக் கீழே விழும். அந்தப் பழக்கத்தையே பயன்படுத்தி, அடியில் சோப்புத் தண்ணீர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தண்டைத் தட்டுங்கள். பூ முடிந்ததும் காய்த் தண்டை விட்டுவைக்காமல் வெட்டினால் அடுத்த வருடத் தலைமுறை குறையும்.

மொட்டு கோணலாக, நுனி இலை கந்தலாகக் கிழிந்து பழுப்பு விளிம்போடு இருந்தால் சாறு உறிஞ்சும் கேப்சிட் பூச்சி. நீங்கள் பார்க்கும்போது அது போயிருக்கும். அடுத்த மொட்டு நன்றாக வரும், விட்டுவிடுங்கள்.

இலை வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை

சுவரை ஒட்டி, வெயில் தெறிக்கும் இடத்தில், வறண்ட ஜூலையில் செஞ்சிலந்தி வரும். இலையின் மேல் மாவு தூவியது போல வெளிர்ப் புள்ளிகள். அடியில் பூதக்கண்ணாடி வைத்தால் நகரும் துகள்கள். இதற்கு வைத்தியம் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவது. அது துருவுக்கு உதவும் என்பதும் உண்மை. ஆகவே காலையில், வெயில் ஏறும் முன், பத்து மணிக்குள் இலை உலர்ந்துவிடும்படி. இரண்டு நோய்க்கு நடுவே நடக்கும் பேரம் இது. நான் பெரும்பாலும் துருவுக்குத்தான் பயப்படுகிறேன்.

கறுப்பு விதைத்தேன், ரோஜா நிறம் பூத்தது

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஹாலிஹாக்கின் மகரந்தத்தை வண்டுத்தேனீக்கள் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு பூ விட்டுப் பூ போகும். தெருவில் மூன்று வீட்டில் மூன்று நிறம் இருந்தால் நீங்கள் எடுக்கும் விதை நாலாவது நிறம் தரும். தானாக விழுந்து முளைத்ததில் பிடித்ததை மட்டும் விட்டு, மற்றதைப் பூத்ததும் வெட்டி வந்தால் நாலைந்து வருடத்தில் பாத்தி ஓரளவு உங்கள் ரசனைக்கு வரும். குறிப்பிட்ட நிறம் வேண்டியே ஆக வேண்டுமென்றால் அடித்தண்டில் வரும் இளந்தளிரை ஏப்ரலில் வேர்ப்பகுதியோடு சேர்த்துக் கிள்ளி நடுவதுதான் ஒரே வழி.

மற்ற இரண்டு சொந்தக்காரர்கள்

சிடால்சியா: வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துச் செடி, இடுப்பிலிருந்து மார்பு உயரம், குட்டி ஹாலிஹாக் போல ரோஜா நிறப் பூ. நடுப்பகுதி மொட்டையாகி ஓரத்தில் மட்டும் பூத்தால் மூப்பு. மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை வசந்தத்தில் தோண்டி, நடுவை எறிந்துவிட்டு, ஓரத் துண்டுகளை நடுங்கள். முதல் பூ முடிந்ததும் தண்டை வெட்டினால் செப்டம்பரில் இன்னொரு சுற்றுப் பூக்கும்.

லாவட்டேரா: புதராக இரண்டு மீட்டர். 'பார்ன்ஸ்லி' ரகம் வெள்ளையில் சிவப்புக் கண்ணோடு பூப்பது. ஒரு கிளையில் மட்டும் கரும் ரோஜாப் பூ வந்தால் அது பழைய குணத்துக்குத் திரும்பும் கிளை. அடியோடு வெட்டாவிட்டால் இரண்டு வருடத்தில் புதர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இன்னொரு அறிகுறி, குளிர்காலத்தில் அடித்தண்டைச் சுற்றிப் புனல் போல ஒரு குழி. காற்றில் செடி ஆடி ஆடிக் களிமண்ணில் தோண்டிய குழி அது. அதில் தண்ணீர் நிற்கும், தண்டு அழுகும். நவம்பரில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள், குழியைக் காலால் மிதித்து மூடுங்கள். முழு வெட்டு, முழங்கால் உயரத்துக்கு, மார்ச் கடைசியில் புது மொட்டு கண்ணில் பட்ட பிறகு. எப்படியும் ஐந்தாறு வருடச் செடிதான், கோடைத் தொடக்கத்தில் நாலு குச்சி ஒடித்து நட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் மேட்டில் நட்டவை ஒன்பது. போன வாரம் எண்ணினேன், எட்டு இலை விட்டிருக்கிறது. ஒன்பதாவதைத் தோண்டி வேரை வெட்டிப் பார்த்தேன்: உள்ளே வெள்ளை, கத்தியில் இழை. மறுபடி புதைத்து, மேலே ஒரு பிடி சல்லி போட்டு, குச்சி குத்தி அடையாளம் வைத்திருக்கிறேன்.